12 ரூபாய்ப் பாட்டு: காசு கொடுத்து டவுன்லோடு வாங்குகிறவனின் கணக்கு

ஆழியாறு தாண்டினால் வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. எஸ்டேட் கணக்குப் பார்க்க வாரத்தில் ஒரு நாள் அந்த ரோட்டில் போகிறவன் நான். லோம்ஸ் வ்யூ இருக்கும் ஒன்பதாவது வளைவை எட்டுவதற்குள்ளேயே என் போனில் டவர் போய்விடும். பல்லவி முடிந்து, இடையிசையில் வயலின் ஏறிக்கொண்டிருக்கும்போது பாட்டு நிற்கும். திரையில் ஒரு வட்டம் சுற்றும். அப்புறம் மலை ஏறும்வரை இன்ஜின் சத்தம்தான்.

ஆப்பிலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். செய்தேன். அந்த டவுன்லோடு வேறு, நான் இங்கே சொல்லப்போகும் டவுன்லோடு வேறு. ஸ்ட்ரீமிங் ஆப் இறக்கி வைக்கும் பாட்டு அந்த ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். பென்டிரைவில் ஏற்ற முடியாது, சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலை காட்டியாக வேண்டும். உரிமம் முடிந்தது என்று கம்பெனிக்காரர் எடுத்துவிட்டால், நம் பட்டியலில் அந்தப் பாட்டின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கும். எனக்கு அப்படி ஒரே மாதத்தில் மூன்று பாட்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் பாட்டை விலைக்கு வாங்க ஆரம்பித்தேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்யாமல் கடைக்குள் நுழையாதீர்கள். நமக்குப் பிடித்த பாட்டு ஆயிரம் இருக்கும், திரும்பத் திரும்பக் கேட்பது எத்தனை? டைரியின் கடைசிப் பக்கத்தில் மூன்று மாதம் கோடு போட்டுப் பார்த்தேன். ஆப்பில் நான் இதயம் குத்தி வைத்திருந்த பாட்டு 600-க்கு மேல். பத்துக் கோட்டைத் தாண்டியது 84. மீதியெல்லாம் கல்யாண வீட்டில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற சொந்தக்காரர் மாதிரி.

இப்போது கணக்கு. பாட்டுக்கு 15 ரூபாய் என்று வைத்தாலும் 84 பாட்டுக்கு 1,260 ரூபாய். மாதம் 119 ரூபாய்ச் சந்தா என்றால் வருடத்துக்கு 1,428. ஒரு வருடச் சந்தாவைவிடக் குறைந்த காசில் அந்த 84-ம் என் கையில். இது முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லை என்று எனக்கே தெரியும். சந்தாவில் கோடிக்கணக்கான பாட்டு கிடைக்கிறது. ஆனால் அந்தக் கோடியில் நான் கேட்பது இந்த 84-ஐத்தானே? புதுப் பாட்டுக்கு, விளம்பரத்தோடு வரும் இலவச ஆப் போதும். ஒரு பாட்டு பிடித்துப்போனால் ஒரு மண்டலம் போகட்டும் என்று விட்டுவிடுவேன். 48 நாள் கழித்தும் வாய் அதையே முணுமுணுத்தால் வாங்குவேன். படம் வந்த வாரத்தில் வாங்கி, தீபாவளிக்குள் மறந்த பாட்டு என்னிடம் நிறைய இருக்கிறது.

அப்புறம், மாதத்துக்கு நூறு புதுப் பாட்டு தேடித் தேடிக் கேட்கிற ஆள் என்றால், உங்களுக்குச் சந்தாதான் லாபம். மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

சரி, எங்கே வாங்குவது? இந்தியாவில் இருக்கும் நமக்கு, சினிமாப் பாட்டு என்றால் நான் முதலில் போகும் கடை ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஸ்டோர். 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் பாட்டு 99 சென்ட் என்று திறந்த கடை அது. ஆரம்பத்தில் விற்ற பாட்டுக்கெல்லாம் பூட்டு உண்டு. அவர்கள் அனுமதித்த கருவியில் மட்டும்தான் பாடும். 2009-இல் பூட்டை முழுக்க எடுத்தார்கள். இந்தியாவுக்கு 2012 டிசம்பரில் வந்தபோது பாட்டு 7, 12, 15 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். நான் வாங்கியதில் பெரும்பாலானவை 12, 15 தான். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் பேக்கரியில் ஒரு டீ 15 ரூபாய்.

ஐபோன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் போட்டு, அதில் வாங்கி, பிறகு போனுக்கு மாற்றுகிறேன். பணம் கட்டுவதில்தான் பலரும் முட்டிக்கொள்வார்கள். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் மாறிய பிறகு, 2022-இல் ஆப்பிள் இந்தியக் கணக்குகளில் கார்டு வாங்குவதை நிறுத்தியது. யுபிஐ வழியாகக் கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைப்பதுதான் என் வழி. ஒரு தடவைக்கு 500 ரூபாய்க்கு மேல் போடுவதில்லை. ஏனென்றால் அந்தப் பணம் இந்தியக் கடையில் மட்டும்தான் செல்லும். வெளிநாட்டு வேலைக்குப் போய்க் கணக்கின் நாட்டை மாற்ற வேண்டுமானால், மிச்சம் இருப்பதைச் செலவழித்துச் சுழி ஆக்கினால்தான் விடுவார்கள்.

கடைக்குள் தேடுவது தனிக் கலை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு ஒழுங்கு கிடையாது. இளையராஜா பெயரில் ‘ஏ’ எழுத்தை ஒன்று போட்டால் ஒரு பட்டியல் வரும், இரண்டு போட்டால் வேறு பட்டியல் வரும். தியாகராஜர் பெயரில் முதல் ‘டி’க்குப் பின்னால் ‘எச்’ போடுகிறவரும் உண்டு, போடாதவரும் உண்டு. ழகரம் வந்தால் ‘இசட் எச்’, ‘எல்’ இரண்டிலும் தேடுங்கள். பாட்டின் முதல் வரியில் கிடைக்காவிட்டால் படத்தின் பெயர், அதிலும் இல்லையென்றால் பாடகர் பெயர். ‘இல்லை’ என்று நான் கைவிட்ட பாட்டை மகள் வந்து ஒரு எழுத்தை மாற்றிப் போட்டு எடுத்துக் கொடுத்தாள்.

கிடைத்தவுடன் விலையை அழுத்தாதீர்கள். முதலில் மாதிரியைக் கேளுங்கள். அதே பெயரில் கீபோர்டு வைத்து வேறு யாரோ பாடியது, கரோக்கி, வீணையில் வாசித்தது எல்லாம் வரிசையில் நிற்கும். அடுத்து நிமிடக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் தேடும் பாட்டு நாலரை நிமிடம் என்று தெரிந்திருக்க, கடையில் 3:10 என்று இருந்தால் ஒரு சரணம் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்து போட்டு, ஒரு வருடமும் கம்பெனி பெயரும் இருக்கும். பழைய பாட்டுக்கு அந்த வருடத்தை நம்ப வேண்டாம்; கம்ப்யூட்டரில் ஏற்றி வெளியிட்ட வருடமாக இருக்கலாம். கம்பெனி பெயரைப் பாருங்கள். அசல் ஒலிப்பதிவு யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பெயர் இருந்தால் நிம்மதி.

இதில் என் காசு போன இடம் தொகுப்பு ஆல்பங்கள். ‘காதல் பாடல்கள்’, ‘மழைப் பாடல்கள்’, ‘இரவுப் பாடல்கள்’ என்று ஒரே பாட்டை மூன்று உறையில் போட்டு வைத்திருப்பார்கள். மூன்றுக்கும் மூன்று விலைச்சீட்டு. ஏற்கெனவே படத்தின் ஆல்பத்தில் 12 ரூபாய்க்கு வாங்கிய பாட்டை, தொகுப்பு ஒன்றில் இன்னொரு தடவை 15 ரூபாய்க்கு வாங்கினேன். பாட்டின் பெயரை ஆங்கிலத்தில் வேறு மாதிரி எழுதியிருந்ததால் கவனிக்கவில்லை. இந்தப் பாட்டைப் பற்றிக் கடைசியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒரே படத்தில் நாலு பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தின் விலையையும் கூட்டிப் பாருங்கள், பல நேரம் அது மலிவு. ஒன்றிரண்டு ஏற்கெனவே வாங்கியிருந்தால் ‘கம்ப்ளீட் மை ஆல்பம்’ என்று ஒரு வசதி உண்டு. கொடுத்த காசைக் கழித்துக்கொண்டு மீதிப் பாட்டைத் தருவார்கள்.

சினிமாவுக்கு வெளியே, தனியாக இசை செய்கிறவர்களுடைய பாட்டு என்றால் பேண்ட்கேம்ப். 2008-லிருந்து நடக்கும் கடை. இங்கே விலையை இசைக்காரரே வைப்பார். சில ஆல்பத்தில் ‘உங்களுக்கு இஷ்டமானதைக் கொடுங்கள்’ என்றிருக்கும், சுழி போட்டாலும் இறங்கும். டிஜிட்டல் விற்பனையில் கடை எடுப்பது 15 சதவீதம், கார்டுக் கட்டணம் தனி. மீதி இசைக்காரருக்கோ அவருடைய லேபிளுக்கோ போகிறது. சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15-ஐயும் விட்டுக்கொடுப்பார்கள். 2020 மார்ச்சில், கொரோனாவில் கச்சேரியெல்லாம் நின்றபோது தொடங்கிய வழக்கம் அது. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நடக்கும் என்பதால் நமக்கு வெள்ளி மதியம் 12.30-க்கு, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30-க்குத் தொடங்கும். வெள்ளி காலையிலேயே அவசரப்பட்டு வாங்கிவிட்டு ஏமாந்திருக்கிறேன்.

பேண்ட்கேம்ப்பில் விலை பெரும்பாலும் டாலரில் இருக்கும், அதனால் அச்சடித்த விலை வேறு, கையை விட்டுப் போகும் காசு வேறு. 7 டாலர் ஆல்பம், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 595 ரூபாய். அதன்மேல் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும். என் கார்டில் 3.5 சதவீதம், அது 21 ரூபாய். அந்த 21-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 4 ரூபாய். ஆக 620. கட்டணமே இல்லாத கார்டுகளும் உண்டு. உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பணம் போகவே மாட்டேன் என்றால் பதற வேண்டாம். 2020-லிருந்து புதுக் கார்டுகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடிய நிலையிலேயே கைக்கு வருகின்றன. வங்கி ஆப்பில் அதைத் திறந்து, கார்டின் வரம்பை 1,000 ரூபாய் என்று வைத்து, வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுகிறேன். எங்கள் கிளை மேனேஜர் சொல்லிக் கொடுத்த புத்தி அது.

இப்போது தரம். இதில்தான் தேவையில்லாமல் காசு கரையும், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஐடியூன்ஸில் வாங்கினால் 256 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் தகவல் என்ற அளவு) ஏஏசி வடிவம், கோப்பின் வால் எம்4ஏ என்று இருக்கும். ஐந்து நிமிடப் பாட்டு 10 எம்பி-க்குக் கொஞ்சம் கீழே. பேண்ட்கேம்ப்பில் ஒரே விலைக்கு 320 எம்பி3-யும் கிடைக்கும், எதையும் இழக்காத ஃப்ளாக்கும் கிடைக்கும். ஃப்ளாக் என்றால் அதே ஐந்து நிமிடத்துக்கு 30 எம்பி போலப் பிடிக்கும். வெளிநாட்டுக் கடைகள் சிலவற்றில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போய் விலையையும் கூட்டுவார்கள். மனிதக் காது கேட்கும் உச்சம் 20 கிலோஹெர்ட்ஸ், சிடி-யின் 44.1 என்ற அளவே அதில் பாதியான 22 வரைக்கும் பிடித்துவிடும். வயது ஐம்பது ஆன என் காதுக்கு 14-க்கு மேல் கேட்டாலே அதிசயம். அறுபதுகளில் டேப்பில் பதிந்த பாட்டை 192-இல் வாங்கினால், டேப்பின் உஸ்ஸ் சத்தம்தான் கூடுதல் துல்லியமாகக் கேட்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். ஒரு ஃப்ளாக்கை நீங்களே 320 எம்பி3-ஆக மாற்றி, இரண்டையும் ஃபூபார்2000 என்ற ப்ளேயரில் போட்டு, அதில் தனியாகச் சேர்க்க வேண்டிய ஏபிஎக்ஸ் சோதனையை ஓட்டுங்கள். எது எது என்று காட்டாமல் மாற்றி மாற்றிப் போடும். நான் 20-க்கு 11 சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ப்ளூடூத்தில் கேட்கிறவருக்கு இந்தப் பேச்சே வேண்டாம், ப்ளூடூத் எப்படியும் இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்பும். ஆனாலும், அதே விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் ஃப்ளாக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது விதைநெல். நாளைக்கு எந்த வடிவம் வேண்டுமானாலும் அதிலிருந்து முளைக்க வைக்கலாம். எம்பி3-யை இன்னொன்றாக மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும்.

“ஏப்பா, சும்மா கெடைக்கறதுக்கு எதுக்குக் காசு குடுக்கற?” என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கியவன்தான். பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடைத் தம்பி, “அண்ணா, 8 ஜிபி ஃபுல்லா போட்டுத் தர்றேன், நூறு ரூவா” என்று மெமரி கார்டு நிறைத்துக் கொடுத்ததையும் வாங்கியிருக்கிறேன். மகளுக்குப் பதில் சொல்லாமல் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். பாட்டைப் போட்டால் எந்தச் சுருதி வரை ஒலி இருக்கிறது என்று படம் வரைந்து காட்டும். ‘320’ என்று பெயர் போட்ட அந்த மெமரி கார்டுப் பாட்டு 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினது மாதிரி நின்றது. பழைய 128-ஐ ஊதிப் பெருக்கி 320 ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே வாங்கிய பாட்டைப் போட்டேன், 20-ஐத் தொட்டது. அதோடு, காரில் அந்த ஓசிப் பாட்டு ஓடினால் பாடகி பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு வெப்சைட் முகவரி ஓடும். ஜானகியம்மா பெயர் இருக்க வேண்டிய இடம். மகள் சிரித்துவிட்டாள். பாடினவருக்கும் எழுதினவருக்கும் போகவேண்டிய பங்கைப் பற்றி நான் தனியாகப் பேச வேண்டி வரவில்லை.

வாங்கியாயிற்று. ‘வாங்கினேன்’ என்று மின்னஞ்சல் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கோப்பு உங்கள் வட்டில் வந்து உட்கார்ந்தால்தான் அது உங்கள் பாட்டு. கடைகள் மூடும். கூகுள் ப்ளே மியூசிக் 2020 கடைசியில் மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் 2021 பிப்ரவரிக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்து இணையமில்லாமல் கேட்கக்கூடிய பொருளுக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. நாம் வாங்க வேண்டியது அந்த விலக்குக்குள் வரும் சரக்கைத்தான்.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. ஆரம்பத்தில் ஒரு கடையில் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்தேன். 30 பாட்டுக்கு மேல் வாங்கினேன். பிறகு வேலை மாறினேன், மின்னஞ்சல் போயிற்று, கடவுச்சொல்லை மீட்க வரும் கடிதமும் அங்கேயே போயிற்று. எவ்வளவு எழுதிக் கேட்டும் ‘பதிந்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள்’ என்ற ஒரே பதில். இறக்கி வைத்திருந்த 9 பாட்டு மட்டும் இன்னும் பாடுகிறது. ஆகவே சொந்த மின்னஞ்சல், வாங்கிய அன்றே டவுன்லோடு, ஒரு பிரதி கம்ப்யூட்டரில், இன்னொன்று தனி ஹார்ட்டிஸ்க்கில். 84 பாட்டும் சேர்ந்து 800 எம்பி சொச்சம். இடம் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஐடியூன்ஸில் வாங்கிய கோப்புக்குள் உங்கள் பெயரும் கணக்கின் மின்னஞ்சலும் எழுதியிருக்கும். பாட்டு நன்றாக இருக்கிறதே என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டால், அது சுற்றுகிற இடமெல்லாம் உங்கள் முகவரியும் சுற்றும். விலை கொடுத்தது நம் காதுக்கு மட்டும். கடையிலோ ஓட்டலிலோ போடுவதற்கு உரிமம் தனி.

காருக்கு ஏற்றும்போது பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்யுங்கள், என் காரின் ப்ளேயர் வேறு எதையும் படிக்காது. எம்பி3டேக் என்ற மென்பொருளில் பாட்டின் பெயர், படத்தின் பெயர், பாடியவர் மூன்றையும் சரி செய்யலாம். தமிழில் எழுதினால் பழைய ப்ளேயரில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்திலேயே போட்டேன்; வருத்தம்தான். கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டால் வரிசை கலையாது.

அம்மாவின் ஸ்பீக்கர் இன்னும் பழையது, எம்4ஏ என்றால் வாயே திறக்காது. ஐடியூன்ஸ் அமைப்பில் எம்பி3 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, ஃபைல் மெனுவில் ‘கன்வர்ட்’ போய் ‘கிரியேட் எம்பி3 வெர்ஷன்’ அழுத்தினால் தனிப் பிரதி உண்டாகும். அசல் அப்படியே இருக்கும். 40 பாட்டு அப்படி மாற்றி, எண் போட்டு, ஊரில் கொண்டுபோய்ச் செருகிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டு பொத்தான்தான்.

மறுவாரம் போன் வந்தது. “ஏண்டா, மூணாவது பாட்டு ரெண்டு தடவ வருது.” நான் 12-க்கும் 15-க்கும் இரண்டு தடவை வாங்கிய அதே பாட்டு. அடுத்த முறை போனபோது ஒன்றை அழித்துவிட்டு வந்தேன். மூன்றே நாளில் மறுபடி போன்.

“அந்தப் பாட்டு இப்ப ஒருக்காத்தான் வருது. நல்லா இருந்துச்சு, ஏன் எடுத்துப்புட்ட?”

திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். இப்போது அது 03, 04.